இறந்தவருக்காக உயிருள்ளவர் மூழ்கலாமா?

நீரில் மூழ்கி இறந்துவிட்ட ஒருவரின் உடலை எடுத்து வருவதற்காக, உயிரோடு இருக்கும் இன்னொருவரை அதே நீருக்குள் அனுப்புவது அறமாகுமா என்ற கேள்வி கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு கேரள மாவட்டங்களும் தமிழ்நாட்டைத் தொடும் மலைப்பகுதிகளில், வாளையாறு தொடங்கிப் பறம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம், மாட்டுப்பட்டி, குண்டளை, ஆனையிறங்கல், முல்லைப்பெரியாறு வரையில், ஆறுகளை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கங்கள் பல உள்ளன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கொச்சியிலிருந்து கடற்படையின் முக்குளிப்போர் மலையேறி வர வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைக் கொண்டுபோனது; அவர்களில் நால்வரின் உடல்கள், ஆற்றிலும் காட்டிலும் பல நாள் தேடியும், கிடைக்கவே இல்லை. 2021 செப்டம்பரில் வாளையாறு அணையில் கோயம்புத்தூர் மாணவர் மூவர் மூழ்கி இறந்தனர். இம்மூன்று நிகழ்வுகளிலும் கரையில் காத்திருந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: உடலையாவது எடுத்துக் கொடுங்கள்.

அந்த வேண்டுகோளை மறுப்பது கொடுமையாகத் தோன்றும். அதற்கு எண்ணிப் பாராமல் இணங்குவது இன்னொரு வீட்டில் இழவு விழக் காரணமாகலாம். முக்குளிப்போர் என்று இங்கே குறிக்கப்படுவோர், கொள்கலத்தில் சுமந்து செல்லும் காற்றையோ மேலிருந்து குழாய் வழியே வரும் காற்றையோ சுவாசித்து நீருக்கடியில் வேலை செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள். இவர்களில் முதல் வகையினரையே செய்தித்தாள்கள் ஸ்கூபா வீரர் என்கின்றன. இத்தொழிலுக்கான பயிற்சி, உயிர்மீட்பு, உடல்மீட்பு என்ற இரண்டையும் வேறு வேறு செயல்களாகப் பிரித்தே கற்பிக்கிறது. மூழ்கியவர் உயிரோடு இருக்க வாய்ப்புள்ள சிறு கால அளவுக்குள் நடப்பது உயிர்மீட்பு. அதற்காகக் கூடுதல் ஆபத்தை ஏற்பதில் நியாயம் உண்டு. அந்தக் கால அளவு கடந்தபின் நடப்பதெல்லாம் உடல்மீட்பு. அதில் அவசரம் என்று எதுவும் இல்லை, ஏனெனில் நீருக்குள் இருப்பவருக்கு இனி எந்தத் தீங்கும் நேராது. 2018 ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சிக்கிய சிறுவர்களுக்காகக் காற்றுக் கொள்கலங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் சமன் குனான் என்ற முக்குளிப்பவர் உயிரிழந்தார். பதின்மூன்று பேர் அக்குகையிலிருந்து உயிரோடு வெளிவந்தனர். அதற்கு முன்பு, 2005 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் நீர்க்குழியில் ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்தில் கிடந்த டியோன் டிரேயர் என்ற இளைஞரின் உடலை மேலே கொண்டுவரச் சென்ற டேவ் ஷா என்ற ஆஸ்திரேலியரும் அங்கேயே இறந்தார். டிரேயர் இறந்தது 1994இல். ஷா அவரை முன்பின் அறியாதவர். பிறர் பிள்ளையின் எலும்பையாவது பெற்றோரிடம் சேர்க்க வேண்டும் என்று எண்ணிய அந்த மனம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உயர்ந்த மனம் ஒரு செயலை அறமாக்கப் போதுமா என்பதே இங்கே கேள்வி.

இறந்தவரின் உடல் கிடைத்தே தீர வேண்டும் என்று சமயங்கள் வற்புறுத்துகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பொதுவாக மக்கள் நம்புவதைவிடச் சமயங்கள் இதில் நெகிழ்ச்சியானவை. உடல் கிடைக்காதபோது தர்ப்பைப் புல்லாலோ பலாச இலைகளாலோ மனித உருவம் ஒன்று செய்து, அதற்கு எரியூட்டிக் கருமங்களை நிறைவேற்றும் முறையை வைதிக மரபின் நூல்கள் வகுத்திருக்கின்றன. அதாவது, உடல் கிடைக்காமல் போகலாம் என்பதை முன்பே எண்ணிப் பார்த்து, இறந்தவர் கரையேறுவதற்கான வழியை அவை அடைத்துவிடாமல் வைத்திருக்கின்றன. கிறிஸ்தவத் திருச்சபைகளில் உடல் இல்லாமலேயே இறந்தோருக்கான வழிபாட்டை நடத்தலாம். இஸ்லாத்தில் செய்தி சற்று நுணுக்கமானது. கேரள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி வழிமுறை, உடல் முன்னால் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸா தொழுகையை ஏற்கிறது. பாலக்காட்டுத் தமிழ் இராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி வழிமுறை அதை ஏற்பதில்லை. ஆயினும் நீரில் மூழ்கி இறந்தவர் உயிர்த்தியாகியின் நிலையைப் பெறுகிறார் என்பது இரு சாராருக்கும் பொதுவான நம்பிக்கை; உடல் கிடைக்கவில்லை என்பதால் அந்த நிலை அவரை விட்டு நீங்குவதில்லை. ஆக, எந்தச் சமயமும் இறந்தவரின் மறுமைக்கு விலையாக இன்னோர் உயிரைக் கேட்கவில்லை.

உடலைக் கேட்பது சமயத்தைவிடச் சட்டமும் மனமும்தான். உடல் கிடைக்காதவர் சட்டப்படி காணாமற்போனவரே; ஏழு ஆண்டுகள் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கருதலாம் என்று முன்பிருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் கூறியது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே பின்பற்றுகிறது. தோட்டத்து லயத்தில் ஓர் அறையில் வாழும் கைம்பெண்ணுக்கு அந்த ஏழு ஆண்டுகள் என்பன வைப்புநிதியும் காப்பீடும் நிலுவையில் நிற்கும் ஆண்டுகள். பேரிடர்களில் அரசு தனி ஆணை வழியே இந்தக் காலத்தைச் சுருக்க முடியும். ஓர் ஆள் மட்டும் மூழ்கிய சாதாரண விபத்தில் யாரும் அதற்கு முனைவதில்லை. காகிதத்தால் தீர்க்கக்கூடிய ஒரு துன்பத்தைத் தீர்ப்பதற்கு மனிதரை ஆழத்துக்கு அனுப்புவது நிர்வாகத்தின் சோம்பலே ஆகும். மனத்தின் கோரிக்கை இதைவிடக் கடினமானது. முகத்தைப் பார்க்காதவரை இறப்பை நம்ப மறுக்கும் தாயின் மனத்துக்கு எந்தச் சட்டத் திருத்தமும் ஆறுதல் தராது. அந்த மனத்துக்காக இறங்குவது கருணை. கருணைச் செயல் செய்யத் தக்கது; ஆனால் கடமையைப் போல அதை யார்மீதும் சுமத்த முடியாது, அதற்கு எல்லையும் உண்டு. எல்லை எங்கே என்பதை அறிந்தவர் மட்டுமே அந்தக் கருணையைச் செய்யத் தகுதி உடையவர் ஆகிறார். தொழிற்பயிற்சி வெறும் திறன் சார்ந்த செய்தியாக நின்றுவிடாமல் மெய்யியல் பொருளாக மாறும் இடம் இதுதான்.

ஆழத்தில் மனிதரின் அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே செல்பவரிடம், அழுத்தத்தால் உடலில் மிகுதியாகக் கரையும் நைட்ரஜன் ஒருவகை மயக்கத்தை உண்டாக்குகிறது. கைகால் தளர்வதற்கு முன்பே தீர்மானிக்கும் ஆற்றல் தளர்கிறது. சிலருக்கு அச்சமும் சிலருக்கு எல்லையற்ற துணிவும் தோன்றுகின்றன. அளவுமானியைப் பார்த்தும் அதன் பொருள் மனத்தில் பதிவதில்லை. இதில் மிகக் கொடியது என்னவென்றால், மயங்கியவருக்குத் தாம் மயங்கியது தெரியாது. தெளிவாக இருக்கிறேன் என்று அவர் உறுதியாக நம்புவார், அந்த உறுதிதான் நோயின் அறிகுறி. நீர்த்தேக்கத்தின் அடியில் இன்னொரு இருளும் இருக்கிறது. கலங்கிய நீரும், அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகளும், கிளறினால் எழும் சேறும் சேர்ந்து, முகக்கண்ணாடிக்கு முன் வைத்த கையைக்கூட மறைத்துவிடும். அந்த இருளில் தேடுபவர் கண்ணை நம்புவதில்லை. தடவித் தடவித்தான் தேடுகிறார். இருள் இருக்கிறது என்று தெரிவதால் அதற்கு ஏற்ற வழியை அவர் கண்டுகொள்கிறார்.

இந்த இருவகை மறைப்பையும் தமிழ்ச் சைவ சித்தாந்தம் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கூர்மையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயன், நூறு குறட்பாக்களால் ஆன சிறிய நூல். அதில் இருண்மல நிலை என்ற பகுதி ஆணவத்தைப் பற்றியது. ஆணவம் என்பது பேச்சு வழக்கில் சொல்லும் செருக்கு அன்று. உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டி நின்று அதன் அறிவை மறைக்கும் மலம், அதாவது அழுக்கு. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிக்கொள்கிறது. ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்கிறது என்பது அந்நூலின் கருத்து. சேற்று நீரின் இருளுக்கும் நைட்ரஜன் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இதுவே. உயிர் எதனைச் சார்கிறதோ அதன் இயல்பாகவே மாறிவிடும் என்பதும் சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கை; கரையில் நிதானமாக இருந்தவர் நாற்பது மீட்டரில் வேறு மனிதராகிவிடுவதைக் கண்டவர்களுக்கு இக்கொள்கை வெறும் நூலறிவாகத் தோன்றாது. இந்த ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. மேலே வந்தால் சில நிமிடங்களில் மயக்கம் தெளிந்துவிடும். ஆணவம் அவ்வாறு நீங்குவதில்லை. எனினும், தன்னை மறைத்துக்கொள்ளும் அறியாமையிலிருந்து ஒருவர் தம் சொந்த அறிவின் பலத்தால் மட்டும் மீள முடியாது, வெளியிலிருந்து ஒரு துணை வேண்டும் என்ற முடிவு இரண்டுக்கும் பொது. சித்தாந்தத்தில் அத்துணை குருவாக வரும் அருள். முக்குளிப்பில் அது ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர்.

பயிற்சியின் பெரும்பகுதி இந்தக் கயிற்றை நம்பக் கற்றுக்கொள்வதுதான். குழாய் வழியே காற்றைப் பெற்று வேலை செய்யும் தொழிலில், சில நாடுகளில் புதியவர் முதலில் நீருக்குள் இறக்கப்படுவதில்லை. பிறர் இறங்கும்போது அவருடைய குழாயையும் கயிற்றையும் பிடித்து, தளர்வும் இறுக்கமும் பார்த்து விட்டுக்கொடுக்கும் வேலையே அவருக்குத் தரப்படுகிறது. இன்னோர் உயிரைக் கையில் உணர்ந்த பிறகே தன்னுயிரைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வரிசை அது. கயிற்றில் பேசுவதற்கு இழுப்புகளால் ஆன ஒரு மொழி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் முறையில், மேலிருந்து வரும் ஓர் இழுப்பு, நலமாக இருக்கிறாயா என்ற கேள்வி. கீழிருந்து திரும்பும் ஓர் இழுப்பு, நலம் என்ற விடை. பொதுவாக, குறியைப் பெற்றவர் அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்; திரும்பி வராத குறி போய்ச் சேராத குறியாகவே கொள்ளப்படும். சிக்கிக்கொண்டேன் என்பதற்கு மட்டும் இரண்டு வேறு குறிகள் உள்ளன: மும்மூன்றாக இழுத்தால், சிக்கியிருக்கிறேன், நானே விடுவித்துக்கொள்வேன் என்று பொருள், இரண்டிரண்டாக இழுத்தால், வேறொருவர் இறங்கி வந்துதான் விடுவிக்க வேண்டும் என்று பொருள். இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆழத்தில், மயக்கத்தில், குளிரில் நேர்மையாகச் சொல்லக் கற்பது எந்த நீச்சல் திறனைவிடவும் கடினம். தன்னால் இயலாது என்பதை உரிய நேரத்தில் ஒப்புக்கொள்ளும் பணிவை உடலின் பழக்கமாகவே ஆக்கிவிடுவது பயிற்சியின் நோக்கம். ஏனெனில் அந்த நேரத்தில் மனம் உதவிக்கு வராது.

தமிழகக் கடற்கரை இதை வேறு வழியில் அறிந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்போர், மேலே தம் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே நம்பினார்கள் என்று சொல்வார்கள். தன் அக்காள் தங்கை தாலி இழப்பதை மச்சான் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்ததா என்பது ஒருபுறம் இருக்க, அந்தச் சொல்வழக்குக்குள் ஆழமான சிந்தனை ஒன்று அடங்கியிருக்கிறது: கயிறு பிடிப்பவருக்கு மூழ்குபவரின் சாவில் இழப்பு இருக்க வேண்டும். இன்றைய தொழில்முறை, உறவின் இடத்தில் பொறுப்பை வைத்திருக்கிறது. மேற்பார்வையாளரின் பெயர் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. உடை அணிந்து ஆயத்தமாக இன்னொரு முக்குளிப்பவர் கரையில் நிற்கிறார். இறங்க மாட்டேன் என்று எவர் எப்போது சொன்னாலும் காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும் என்பது நெறி. இவை இல்லாத இடத்தில், கூட்டத்தின் கண்முன்னே ஒரு கயிறும் இல்லாமல் குதிக்கும் உள்ளூர் இளைஞரை வீரன் என்று புகழ்வது, புகழ்பவர் தம் கடமையிலிருந்து நழுவும் ஒரு வழி.

மலைநாட்டில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. அதை அறிந்தவர் மிகச் சிலரே. முக்குளிப்பவர் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், மேலேறும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கான அட்டவணைகள், 1908இல் பிரித்தானியக் கடற்படைக்காக ஜே. எஸ். ஹால்டேன் வகுத்த முறையில் தொடங்கிக் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இருமடங்காகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள மாட்டுப்பட்டியில் காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், ஏறத்தாழ எட்டரை மீட்டரிலேயே அது இருமடங்காகிவிடும். மேலே வரும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும் ஆபத்தும் அதற்கேற்ப மிகும். எனவே அதே ஆழத்தை மேலும் ஆழமானதாகக் கணக்கிட வேண்டும். கொச்சிக் கடலில் காலையில் மூழ்கிவிட்டு மாலையில் மூணாறுக்கு வண்டியேறுபவர், நீரைத் தொடாமலேயே அந்த ஆபத்துக்குள் செல்கிறார். கடலில் பெற்ற பயிற்சியும் துணிவும் அப்படியே மலைக்குப் பொருந்தும் என்று எண்ணுவதும் தன்னை மறைத்துக்கொள்ளும் அறியாமைதான்.

அணைகளில் இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. மதகுக் கதவின் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வெறுமையும் இருக்கும்போது, இடையில் உள்ள திறப்பு எதையும் தன்பால் இழுக்கும். பத்து மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டில், நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு திறப்பை உடல் அடைத்துக்கொண்டால், அதன்மேல் ஏறத்தாழ 900 கிலோ எடையின் விசை அழுந்தும். எந்தத் தோழரும் கையால் இழுத்து விடுவிக்க முடியாது. ஆகவே ஆள் இறங்குவதற்கு முன் கதவுகளை இயக்கும் இடத்தைப் பூட்டி, சாவியை முக்குளிப்பின் மேற்பார்வையாளர் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மீறக்கூடாத விதி. பறம்பிக்குளம் அணையும் முல்லைப்பெரியாறு அணையும் கேரள மண்ணில் நிற்பவை, தமிழ்நாட்டுப் பொறியாளர்களால் இயக்கப்படுபவை. 2022 செப்டம்பரில் பறம்பிக்குளத்தில் மதகு ஒன்று உடைந்து நீர் வெளியேறியதைப் போன்ற வேளைகளில், ஒரு மாநிலத்தின் அலுவலர் கையில் சாவியும் இன்னொரு மாநிலத்தின் முக்குளிப்பவர் நீருக்குள்ளும் இருக்கும் நிலை எளிதில் ஏற்படலாம். நீர்ப் பங்கீட்டைப் பற்றி இரு மாநிலங்களும் நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் வழக்காடினாலும், அந்தச் சாவியைப் பற்றி மட்டும் அவற்றுக்குள் ஐயம் இருக்கக் கூடாது.

பயிற்சி நிலையங்கள் இல்லாமல் இல்லை. கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில் உள்ளது. கேரளத் தீயணைப்பு மீட்புப் படை நீர்மீட்புக்கென ஃபோர்ட் கொச்சியில் ஒரு மையத்தை நடத்துகிறது. அரக்கோணத்தில் முகாமிட்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இரு மாநிலங்களுக்கும் வந்துபோகிறது. தனியார் பயிற்சிகள் எண்ணெய்க் கிணறுகளையும் துறைமுகங்களையும் நோக்கியவை. அங்கேதான் ஊதியம் இருக்கிறது. எல்லாமே கடலோரத்திலோ சமவெளியிலோ அமைந்தவை. குமுளியிலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒருவர் மூழ்கினால் முதலில் நீருக்குள் இறங்குவது அந்நிலையங்களின் மாணவர் அல்லர், கரையில் நின்ற யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவருக்கு, அவர் பேசும் தமிழிலும் மலையாளத்திலும், மலைநீரின் அழுத்தத்தையும் மதகின் இழுப்பையும் கயிற்றின் மொழியையும் கற்பிக்கும் ஏற்பாடு இல்லாதவரையில், அவரை இறங்கச் சொல்லும் உரிமை ஊருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை.

கற்க வேண்டியவர்கள் நீருக்குள் இறங்குவோர் மட்டும் அல்லர். தேடுதலை நிறுத்தும் முடிவு எப்போதும் கரையில் எடுக்கப்படுவது. அழும் குடும்பத்தின் முன்னே, மேற்பார்வையாளர் ஒருவரே அதைச் சுமக்கிறார். அந்தச் சுமையின் எடையால்தான் பலமுறை இன்னும் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம் என்ற தவறான சொல் பிறக்கிறது. அருகில் உள்ள கோயிலின் குருக்களும், பள்ளிவாசலின் இமாமும், தேவாலயத்தின் பாதிரியாரும் இத்தேடுதலின் எல்லைகளை ஒருநாள் வகுப்பிலாவது அறிந்திருந்தால், மாவட்ட நிர்வாகம் அவர்களையும் கரைக்கு அழைக்கலாம். உடல் இல்லாமலே தர்ப்பையில் உருவம் செய்து கருமத்தைத் தொடங்கலாம் என்றும், மூழ்கியவருக்குரிய உயர்ந்த நிலை ஏற்கெனவே கிட்டிவிட்டது என்றும், வழிபாட்டை நாளையே நடத்தலாம் என்றும், அவரவர் மரபின் பெயரால் அந்தத் தாயிடம் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, மேற்பார்வையாளருக்கு இல்லை. அவர்கள் அதைச் சொல்லும் நேரத்தில், மேற்பார்வையாளர் தயங்காமல் கயிற்றை இழுத்துத் தம் ஆட்களை மேலே வரச் சொல்லலாம்.